பாயிண்ட் ஒன்

2007 நவம்பர் 30, வெள்ளிக்கிழமை. மன்ஹாட்டனில் ஒரு கட்டடத்தின் முப்பத்தோராவது மாடி, இரவு பத்தேமுக்கால் மணி. அவள் மேசைமேல் ஆறிப்போன தாய் நூடுல்ஸ் டப்பா, மஞ்சள் நிற லீகல் பேட். கணினித் திரையில் டைம்ஷீட். கணக்குப் பிரிவிலிருந்து மூன்றாவது நினைவூட்டலும் வந்துவிட்டது: அந்த மாதத்து மணிகள் எல்லாம் நள்ளிரவுக்குள் ஏறியாக வேண்டும். அவளோ 13ஆம் தேதி செவ்வாய்க்கிழமையில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். அன்று காலை பத்து மணியிலிருந்து பகல் ஒன்றரை வரை என்ன செய்தாள் என்பது சுத்தமாக நினைவில் இல்லை.

தடயம் தேட ஆரம்பித்தாள். அனுப்பிய மின்னஞ்சல்கள், தொலைபேசிப் பதிவு, கோப்பு கடைசியாகச் சேமிக்கப்பட்ட நேரம், கீழ்த்தளக் காபிக் கடையின் ரசீது. 10.14க்குச் சீனியர் அசோசியேட் ஒருவருக்குப் பதில் போயிருக்கிறது. 11.52க்கு ஒரு வரைவைச் சேமித்திருக்கிறாள். 12.40க்குக் காபி. மற்ற நேரமெல்லாம் எந்தக் கட்சிக்காரரின் வேலையில் இருந்தாள்? கொலை வழக்கில் சாட்சியின் நடமாட்டத்தைக் கோர்ப்பதுபோலத் தன் நாளையே கோர்த்துப் பார்த்து, ‘மனு வரைவைத் திருத்தியது, 2.3’ என்று போட்டாள். பொய்யில்லை. ஆனால் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்யச் சொன்னால் தயங்கியிருப்பாள்.

வேலைக்குச் சேர்ந்து அப்போது இரண்டே மாதம். சென்னையில் சட்டம் படித்து, உயர் நீதிமன்றத்தில் ஒரு சீனியரிடம் ஓராண்டு ஜூனியராக இருந்து, நியூயார்க்கில் எல்.எல்.எம். முடித்து, அந்த மாநிலத்தின் பார் தேர்வையும் எழுதியவள். சென்னை சீனியரின் அறையில் யாரும் மணி பார்த்ததில்லை. கேஸுக்கு இவ்வளவு, ஆஜராவதற்கு இவ்வளவு என்று சீனியர் மனத்தில் ஒரு தொகை இருக்கும்; அதைக் கட்சிக்காரரிடம் எப்போது, எந்தக் குரலில் சொல்வது என்பது குமாஸ்தாவின் கலை. ஜூனியருக்கு மாதக் கடைசியில் ஏதோ ஒரு கவர் வரும், சில மாதம் வராமலும் போகும். நியூயார்க்கில் அவளுக்கு முதல் ஆண்டுச் சம்பளம் 1,60,000 டாலர். அந்த ஆண்டு பெரிய சட்ட நிறுவனங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று நிர்ணயித்த தொகை அது. ஆஃபர் கடிதத்தில் சம்பளத்துக்கு நாலு வரி கீழே இன்னொரு எண் இருந்தது: ஆண்டுக்கு 2,000 பில் மணி. கடிதத்தை அப்பாவுக்குப் போனில் படித்துக் காட்டியபோது அந்த வரியை அவள் படிக்கவில்லை. மறைக்க நினைத்தாள் என்றில்லை. அது முக்கியமான வரியாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

பில் மணி என்றால் கட்சிக்காரரின் கணக்கில் எழுதக்கூடிய நேரம். அதைப் பத்தாகப் பிரித்துத்தான் எழுதுவார்கள். ஆறு நிமிடம் ஒரு பங்கு, எழுதும்போது 0.1, சொல்லும்போது ‘பாயிண்ட் ஒன்’. போனை எடுத்து இரண்டு வார்த்தை பேசி வைத்தால் பாயிண்ட் ஒன். ஏழு நிமிடம் பேசினால் பாயிண்ட் டூ. முதல் வாரப் பயிற்சி வகுப்பில் இதை விளக்கியபோது பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்கு மட்டும் இது பழகிய கணக்கு. சங்கரன்கோவிலில் அவளுடைய அப்பா எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவர்.

மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு ஆள் நிற்கும் இடம், கதவுக்கு மேல் சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். அடுத்த பல்ஸ் விழுவதற்குள் வைத்துவிட வேண்டும் என்று மீட்டரைப் பார்த்தபடியே பேசுவார்கள். ஒரு நொடி தாண்டினாலும் முழுப் பல்ஸுக்கும் காசு. “சரி வைக்கேன், வைக்கேன்” என்று சொல்லிக்கொண்டே இன்னொரு பல்ஸ் விழ விட்டவர்கள் வெளியே வந்து அப்பாவிடம் சண்டை போடுவார்கள். இரவு பதினொரு மணிக்கு மேல் கால் கட்டணம் என்பதால் அப்போதுதான் கூட்டம் நெரியும். பள்ளிப் பாடத்தை அந்தப் பூத்தின் பெஞ்சில் உட்கார்ந்து படித்தவளுக்கு, நேரம் என்பது துண்டு துண்டாக விழும் பொருள் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரே வித்தியாசம், நியூயார்க்கில் இரவுக்குக் கால் கட்டணம் கிடையாது.

“இன்னிக்கு எத்தன யூனிட்ம்மா ஓடிச்சு?” என்று அப்பா போனில் கேட்பார்.

“எண்பத்தி மூணுப்பா.”

“அவ்ளோதானா? நம்ம பூத்துல தீவாளி அன்னைக்கி ஒரு மணி நேரத்துல ஓடிரும்லா.”

எண்பத்து மூன்று என்பது சும்மா வந்த எண் இல்லை. விடுமுறை, காய்ச்சல் எல்லாம் சேர்த்து ஆண்டில் நாலு வாரம் போனால் மிச்சம் 48 வாரம். 2,000 மணியை அதில் பங்கிட்டால் நாளைக்கு 8.3 மணிக்குச் சற்று மேல். எட்டரை மணி நேர வேலைதானே என்று கேட்பவர்கள் டைம்ஷீட் எழுதிப் பார்க்காதவர்கள். சாப்பாடு, கழிப்பறை, அலுவலகக் கூட்டம், கணினி உறைந்து நின்ற இருபது நிமிடம், புதிதாக வந்தவருக்கு வழி சொன்னது, பார்ட்னர் கூப்பிடுவார் என்று அவர் அறை வாசலில் காத்திருந்தது, டைம்ஷீட்டையே எழுதியது, இவை எதுவும் யாருடைய பில்லிலும் ஏறாது. யேல் சட்டக் கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவு மாணவர்களுக்காக ஒரு கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறது. போக்குவரத்தையும் சாப்பாட்டையும் சேர்த்தால் 1,800 பில் மணிக்கு ஆண்டில் சுமார் 2,430 மணி நேரம் செலவாகும்; 2,200 பில் மணிக்கு 3,050 மணிக்கும் மேல். இந்தக் கணக்கை அவள் கண்டெடுத்தது வேலையில் சேர்ந்த பிறகு. மாணவர்கள் சேருமுன் படிக்கட்டும் என்றுதான் போட்டிருக்கிறார்கள்.

அவள் வேலை பார்த்த மாடியின் நடையில் ஒரு வாசகம் சட்டமிட்டு மாட்டியிருந்தது. வக்கீலின் நேரமும் ஆலோசனையும்தான் அவர் விற்கும் சரக்கு என்பது அதன் சாரம். கீழே ஆபிரகாம் லிங்கன் என்று பெயர். லிங்கன் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. லிங்கன் காலத்து அமெரிக்க வக்கீல் மணி பார்த்துப் பில் போட்டவரும் இல்லை. அதற்குப் பிறகும் வெகுகாலம் பில் என்பது ஒரே வரி: ‘செய்த சேவைகளுக்காக’, பக்கத்தில் ஒரு தொகை. நம்மூர்க் குமாஸ்தா முறைக்கு அது அதிக தூரமில்லை.

மணியைக் கொண்டுவந்தவர் ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித். பாஸ்டனில் ஏழைகளுக்கான சட்ட உதவிச் சங்கத்தை நடத்தியவர். ஏழைக்கு நீதி எட்டாமல் இருப்பதைப் பற்றி 1919இல் அவர் எழுதிய புத்தகம் அமெரிக்கச் சட்ட உதவி இயக்கத்துக்கே அடித்தளம் என்பார்கள். அதே ஆண்டு ஹேல் அண்ட் டோர் நிறுவனத்தில் நிர்வாகப் பார்ட்னராகச் சேர்ந்தார். காசில்லாத சட்ட உதவி மையத்தை நடத்தியவருக்கு எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று தெரிந்தாக வேண்டிய கட்டாயம் இருந்திருக்கும். அந்தப் பழக்கத்தைப் பணக்கார நிறுவனத்துக்கும் கொண்டுவந்தார். ஒவ்வொரு வக்கீலும் தினம் ஒரு தாள் நிரப்ப வேண்டும், மணியைப் பத்தில் ஒரு பங்காகப் பிரித்து. வேலையின் அடக்க விலையைத் தெரிந்துகொள்ள வந்த தாள் அது. பில் போடுவது பிறகு ஒட்டிக்கொண்டது. 1940இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் இதழில் தன் முறையைக் கட்டுரைகளாக எழுதினார், மற்ற நிறுவனங்களும் எட்டிப் பார்த்தன.

1958இல் அந்தச் சங்கமே ஒரு சிறு வெளியீடு போட்டது. ‘1958ஆம் ஆண்டு வக்கீலும் அவரது 1938ஆம் ஆண்டு டாலரும்’ என்று அதற்குப் பெயர். டாக்டர்களும் பல் டாக்டர்களும் முன்னேறிவிட்டார்கள், வக்கீல்கள் இன்னும் யுத்தத்துக்கு முந்திய கட்டணத்திலேயே கிடக்கிறார்கள், நேரத்தைக் குறித்து வையுங்கள் என்பது அதன் புலம்பல். ஒரு வக்கீலால் ஆண்டில் எத்தனை மணிக்குக் கட்டணம் வாங்க முடியும் என்றும் அதில் கணக்கு உண்டு: சுமார் 1,300. அவளுடைய ஆஃபர் கடிதத்தில் இருந்ததைவிட 700 குறைவு.

நடுவில் இன்னொன்றும் நடந்தது. அதுவரை பல மாநில, மாவட்ட வழக்கறிஞர் சங்கங்கள் எந்த வேலைக்குக் குறைந்தது எவ்வளவு வாங்க வேண்டும் என்று கட்டணப் பட்டியல் வைத்திருந்தன. வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் மாவட்டத்தில் கோல்ட்ஃபார்ப் தம்பதி வீடு வாங்கப் போனார்கள். வில்லங்கம் பார்த்துக் கொடுக்க ஒரு வக்கீல் வேண்டும். பட்டியலில் இருந்த தொகையைக் கேட்டு மலைத்துப்போய், குறைவாகச் செய்பவர் உண்டா என்று 36 வக்கீல்களுக்குக் கடிதம் போட்டார்கள். 19 பேர் பதில் எழுதினார்கள். ஒருவர்கூடக் குறைத்துச் சொல்லவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது; 1975இல் அப்படிப் பட்டியல் வைத்து விலை கட்டுவது போட்டியைக் கெடுக்கும் சட்ட விரோதச் செயல் என்று தீர்ப்பு வந்தது. பட்டியல் போன இடத்தில் கடிகாரம் வசதியாக உட்கார்ந்துகொண்டது. கட்சிக்காரர்களுக்கும் அது பிடித்திருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒற்றை வரிப் பில்லைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்களுக்கு, யார் எந்தத் தேதியில் என்ன செய்தார் என்று விவரமாக வரும் பில் நேர்மையானதாகத் தெரிந்தது.

இலக்கு ஏன் ஏறிக்கொண்டே போனது என்பதற்குப் பெரிய ரகசியம் ஏதுமில்லை. தொழிலில் வெகுகாலம் புழங்கிய ஒரு கணக்கு உண்டு: அசோசியேட் ஈட்டுவதில் மூன்றில் ஒரு பங்கு அவருக்குச் சம்பளம், ஒரு பங்கு வாடகை, செயலாளர், கணினி வகையறா, மீதி ஒரு பங்கு பார்ட்னர்களுக்கு லாபம். மணிக்கு 300 டாலர் என்று வைத்துக்கொண்டால் 2,000 மணிக்கு ஆறு லட்சம். சம்பளம் உயர்ந்தால் ஒன்று மணியின் விலை ஏற வேண்டும், இல்லை மணி கூட வேண்டும். விலையை ஏற்றினால் கட்சிக்காரர் முறைப்பார். மணியைக் கூட்டினால் முறைப்பதற்கு அசோசியேட்டின் வீட்டில்தான் ஆள் இருக்கும்.

முதல் ஆண்டில் அவள் கற்றுக்கொண்டதில் பாதி சட்டம், பாதி வாக்கியம். நேரத்தைப் போட்டால் மட்டும் போதாது, பக்கத்தில் என்ன செய்தாய் என்று எழுத வேண்டும். ‘கோப்பைக் கவனித்தது, 3.0’ என்று பழைய பார்ட்னர்கள் எழுதிவிடுவார்கள். இளையவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. பெரிய கம்பெனிகள் தங்கள் வக்கீல்களுக்கென்று விதிப்புத்தகமே வைத்திருந்தன: ஒரு நாள் வேலை முழுவதையும் ஒரே உருண்டையாக உருட்டி எழுதக் கூடாது, ஒவ்வொரு வேலைக்கும் தனி வரி, தனி நேரம், தனிக் குறியீடு. ஏ103 என்றால் வரைந்தது, திருத்தியது. ஏ104 படித்து ஆராய்ந்தது. ஏ105 அலுவலகத்துக்குள் பேசியது, ஏ106 கட்சிக்காரரோடு பேசியது. யோசித்ததற்கென்று தனியாக ஏ வரிசையில் எண் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தபோது ஒரு வழக்கின் முடிச்சு அவிழ்ந்தது. அதை எழுதலாமா என்று சக அசோசியேட்டுகளிடம் கேட்டாள். ஒருவர் தாராளமாக என்றார். இன்னொருவர், சோப்புப் போட்ட நேரத்தைக் கழித்துவிட்டு எழுது என்றார்.

அந்த டிசம்பரில் நடந்ததுதான் அவளை அதிகம் தைத்தது. கேட்பதற்குச் சின்ன கேள்வி. மெமோ எழுதப் பதினோரு மணி நேரம் ஆனது. இவ்வளவு நேரமா என்று தனக்கே வெட்கமாகி, டைம்ஷீட்டில் 6.0 என்று போட்டாள். இரண்டு நாள் கழித்துப் பார்ட்னர் கூப்பிட்டார். மேசையில் கட்சிக்காரருக்குப் போகுமுன் திருத்தும் வரைவுப் பில், பக்கமெல்லாம் சிவப்பு மை. அவளுடைய மெமோ வரியின்மேல் பேனாவை வைத்தபடி, “இது ஆறு மணியில் முடிகிற வேலை இல்லையே” என்றார். அவள் உண்மையைச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. உன் நேரத்தை நீ வெட்டாதே, வெட்டுவது என் வேலை என்றார். இன்றைக்கு நீ ஆறு என்று எழுதினால் அடுத்த கட்சிக்காரருக்கு நான் ஆறு மணிக்கு மதிப்பீடு கொடுப்பேன், அப்போது இன்னொரு ஜூனியர் பதினோரு மணி நேரம் உட்கார்ந்து ஆறு என்று எழுதுவார் என்றார். நியாயமான பேச்சு. ஆனால் எழுதிய மணியில் எத்தனை பில்லாகிறது, பில்லானதில் எத்தனைக்குப் பணம் வருகிறது என்ற விகிதமும் ஒவ்வோர் அசோசியேட்டின் பெயருக்கு நேராக நிறுவனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முழுதாக எழுதினால் விகிதம் விழும், குறைத்து எழுதினால் இலக்கு விழும். அவரும் இதைச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

பில்லில் பச்சையாக ஏமாற்றியவர்கள் உண்டு. கிளிண்டன் அரசில் நீதித்துறையின் மூன்றாம் நிலைப் பதவியில் இருந்த வெப்ஸ்டர் ஹப்பல், ஆர்கன்சாவில் வக்கீலாக இருந்தபோது தன் நிறுவனத்தையும் கட்சிக்காரர்களையும் பில்லில் ஏமாற்றியதாக 1994 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 21 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. அவர் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முந்திய ஆண்டுதான் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் நெறிமுறைக் குழு ஒரு கருத்துரை வெளியிட்டிருந்தது. ஒருவருக்காக ஆறு மணி நேரம் விமானத்தில் போகும் வக்கீல், அதில் ஐந்து மணி இன்னொருவரின் வேலையைச் செய்தால் பதினோரு மணிக்குப் பில் போடலாமா? கூடாது, ஓடியது ஆறு மணிதான் என்றது குழு. ஒருவருக்குச் செய்த ஆராய்ச்சி இன்னொருவருக்கும் பொருந்தினால், செலவழிக்காத நேரத்தைச் செலவழித்ததாக மறுபடி விற்கவும் கூடாது. எழுதித்தான் சொல்ல வேண்டியிருந்தது என்பதிலிருந்தே நடைமுறை எப்படி இருந்தது என்று ஊகிக்கலாம்.

அவள் பார்த்தவர்களில் இப்படித் துணிந்து திருடியவர் யாருமில்லை. அவள் பார்த்தது மறதி. அன்றன்றைக்கே எழுதாதவர்கள் வெள்ளிக்கிழமை எழுதினார்கள், வெள்ளிக்கிழமை எழுதாதவர்கள் மாதக் கடைசியில் எழுதினார்கள். மூன்று வாரம் கழிந்த செவ்வாய்க்கிழமையை யாராலும் ஆறு நிமிடத் துல்லியத்தில் நினைவுகூர முடியாது. அந்த இடத்தில் கை தானாகச் செய்யும் வேலை ஒன்று உண்டு. இலக்கு எட்டியவரின் கை கீழே இறங்கும், பின்தங்கியவரின் கை மேலே ஏறும். இரண்டு பேருமே நேர்மையாகத்தான் நினைவுபடுத்திக்கொள்கிறார்கள். 2008 ஜனவரியிலிருந்து அவள் மஞ்சள் பேடில் இடதுபக்க ஓரம் முழுக்க நேரம் குறிக்க ஆரம்பித்தாள். அந்தப் பழக்கம் நெடுநாள் விடவில்லை. பின்னால் மகளுக்குப் பால் கொடுத்த நேரத்தைக்கூட அப்படியே குறித்து வைத்திருந்ததைப் பார்த்துக் கணவர் சிரித்தார்.

அந்த ஆண்டு மே மாதத்தில் ஒரு வழக்குக்காக லட்சக்கணக்கான மின்னஞ்சல்களைப் படித்துப் பிரிக்கும் வேலை சென்னைக்குப் போனது. அவளுடைய ஒரு மணிக்குப் பில்லாகும் தொகையில் அங்கே ஒருவரின் ஒரு நாள் வேலையே முடிந்துவிடும். தமிழ் தெரியும் என்பதற்காகவே அவளை இந்தப் பக்கம் பொறுப்பில் போட்டார்கள். அந்தப் பக்கம் இருந்த எல்லாரும் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள் என்பது வேறு விஷயம். இரவு ஒன்பது மணிக்கு அழைப்பு, சென்னையில் காலை ஆறரை. மூன்றாம் நாள் அழைப்பு முடியும் நேரத்தில் ஒரு பெண் மட்டும் லைனில் தங்கினாள்.

“மேடம், நீங்க தமிழா?”

“ஆமாங்க, சங்கரன்கோவில்.”

“ஒரு டவுட் மேடம். டீ பிரேக்குக்கு எந்தக் கோடு போடறது? பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல போச்சுன்னா சிஸ்டத்துல ‘ஐடில்’னு செவப்பாயிடுது. நீங்க அங்க என்ன போடுவீங்க?”

“எங்களுக்கு அதுக்குக் கோடே இல்லைங்க. அந்த நேரம் எங்கயுமே வராது.”

அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப எங்களது பரவால்ல மேடம்” என்றாள். மஞ்சள் பேடில் அந்த உரையாடலுக்கு அவள் நேரம் குறிக்கவில்லை.

செப்டம்பரில் வால் ஸ்ட்ரீட் சரிந்தது. 2009 பிப்ரவரியில் லேதம் அண்ட் வாட்கின்ஸ் ஒரே நாளில் 190 அசோசியேட்டுகளை அனுப்பியது. அவ்வளவு பெரிய நிறுவனமே இப்படியா என்று மற்ற மாடிகளில் எல்லாம் பேச்சடங்கிப்போனது. புதிதாக வர வேண்டியவர்களிடம் பணம் தருகிறோம், ஓராண்டு கழித்து வாருங்கள் என்று சொன்ன நிறுவனங்கள் பல. அவள் இருந்த இடத்தில் ஆட்குறைப்பு சத்தமில்லாமல் நடந்தது. திங்கட்கிழமை பெயர்ப்பலகை இருந்த அறையில் புதன்கிழமை இல்லை. வேலை வற்றிய காலத்தில் பில் மணி ஒரு பதுக்கல் பொருள். முன்பெல்லாம் கீழே தள்ளிவிடும் வேலையை ஆறாம் ஆண்டு அசோசியேட்டுகளே வைத்துச் செய்தார்கள். அவள் காலை ஒன்பது மணிக்கு வந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, யாராவது எதையாவது கொடுப்பார்களா என்று உட்கார்ந்திருப்பாள். மார்ச் மாதம் அப்பா கேட்டபோது, “பதினாலு யூனிட்” என்றாள். அப்பா பூத்தில் கடைசி இரண்டு ஆண்டு எப்படி இருந்தது என்று அவருக்கு நினைவிருந்திருக்கும். செல்போன் வந்த பிறகு மீட்டர் ஓடாமல் பார்த்தவர். வேறெதுவும் கேட்கவில்லை.

அந்தச் சும்மா இருந்த நாட்களில்தான் இலவசச் சட்ட உதவி வழக்கு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். தஞ்சம் கேட்டு நியூயார்க்கில் இருந்த ஒரு வன்னிக்காரர். ஐம்பதை நெருங்கும் வயது. 26 ஃபெடரல் பிளாசாவில் இருக்கும் குடிவரவு நீதிமன்றத்தில் வழக்கு. ஐ-589 படிவத்தோடு, நடந்தது அனைத்தையும் தேதி வாரியாகச் சொல்லும் பிரமாணப் பத்திரம் தயாரிக்க வேண்டும். மற்ற நிறுவனங்களில் மொழிபெயர்ப்பாளர் வைத்துச் செய்யும் வேலை இது. இவர்கள் இருவரும் நேராகத் தமிழில் பேசினார்கள், இருந்தாலும் அவர் சொன்னதில் பாதி அவளுக்கு முதல் தடவை புரியவில்லை, அவள் கேட்டதில் பாதி அவருக்கு. ‘கதைக்கிறது’, ‘ஓம்’, ‘வாறன்’ எல்லாம் பழக இரண்டு வாரம் ஆனது. தேதி கேட்டால் அவர் திருவிழாவைச் சொல்வார், மழையைச் சொல்வார், பக்கத்து வீட்டுப் பிள்ளை பிறந்ததைச் சொல்வார். அதிலிருந்து மாதத்தைப் பிடித்து, மாதத்திலிருந்து வாரத்தைப் பிடிக்க வேண்டும். நவம்பர் 30 இரவு தன்னைத்தானே விசாரித்துக்கொண்ட அதே வேலைதான். ஆனால் இங்கே ஒரு வாரம் தவறினால் அரசுத் தரப்பு வக்கீல் அவரைப் பொய்யர் என்பார்.

2009 மே 19, செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தைய நாள்தான் இலங்கையில் போர் முடிந்த செய்தி வந்திருந்தது. அவருடைய தம்பி குடும்பம் போர் நடந்த கரையோரத்தில் இருந்தது. மாலை நாலு மணிக்கு வர வேண்டியவர் சரியாக நாலு மணிக்கு வந்தார். உட்கார்ந்தார். அவள் தண்ணீர் வைத்தாள், கோப்பைத் திறந்தாள், பிறகு மூடினாள். டைமரைப் பழக்கத்தில் அழுத்தியிருந்தாள். திரையின் மூலையில் அது ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது நிமிடம் அவர் ஒன்றும் பேசவில்லை. கடைசியில் எழுந்து, “நேரம் போகுது பிள்ளை, உங்களுக்கு வேலை இருக்கும். நான் வியாழக்கிழமை வாறன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இரவு அவள் ‘கட்சிக்காரருடன் சந்திப்பு, 0.7’ என்று எழுதினாள். பேசாமல் இருந்ததை ஏ106 என்று போடலாமா என்று சிறிது நேரம் யோசித்ததையும் அவள் மறக்கவில்லை.

2010 ஜனவரியில் ஆண்டு மதிப்பாய்வு. கட்சிக்காரர்களுக்கான மணி 1,412. இலவச உதவி 287. அந்த நிறுவனத்தின் விதிப்படி இலவச உதவியில் முதல் 100 மணிதான் கணக்கில் சேரும். மொத்தமாகச் சேர்க்கும் நிறுவனங்களும் உண்டு, சேர்க்கவே சேர்க்காதவையும் உண்டு. ஆக 1,512. போனஸ் இல்லை. எதிரில் இருந்த இரண்டு பார்ட்னர்களும் அன்பாகத்தான் பேசினார்கள், ஆனால் ‘ஈடுபாடு’ என்ற வார்த்தை மூன்று தடவை வந்தது. வேலையே தரவில்லையே என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் கேட்டு வாங்கியிருக்க வேண்டும் என்பார்கள் என்று தெரியும். வேறொன்று நினைவுக்கு வந்தது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் அமைத்த ஒரு குழு 2002இல் பில் மணியைப் பற்றி அறிக்கை கொடுத்தது. மொத்தம் 2,300 மணி வேலை, அதில் 1,900 பில் மணி, 100 இலவச உதவி, மீதி பயிற்சிக்கும் நிறுவனத்துக்கும் தொழிலுக்கும் என்று அது ஒரு மாதிரி வகுத்தது. முன்னுரை எழுதிய உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்டீபன் பிரேயர், ஆண்டுக்கு 2,100 மணியோ அதற்கு மேலோ பில் போட வேண்டிய வக்கீல் எப்போது இலவச உதவி செய்வார் என்று கேட்டிருந்தார். குறைந்தபட்சமாக இருக்கட்டும் என்று யாரோ போட்ட 100, எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் உச்சவரம்பாகவும் ஆகிவிடுகிறது.

வன்னிக்காரருக்கு 2011இல் தஞ்சம் கிடைத்தது. இப்போதும் பொங்கலுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார். அவள் அடுத்த ஆண்டு நியூஜெர்சியில் ஒரு மருந்துக் கம்பெனியின் சட்டப் பிரிவுக்கு மாறினாள். அங்கே டைம்ஷீட் இல்லை. முதல் மாதம் மதியம் சாப்பிட்டுவிட்டு ஒருவர் அறையில் நின்று கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தபோது, இந்த நேரம் எங்கே போகிறது என்று கை துறுதுறுத்தது. ஒரு வருடம் ஆனது அது நிற்க.

இப்போது அவள் பில் வாங்கும் பக்கம். வெளி நிறுவனங்களின் பில்கள் மென்பொருள் வழியாக வரும், குறியீடு தவறினால் அதுவே சிவப்புக் கோடு போட்டுவிடும். முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு அசோசியேட்டுகளின் நேரத்துக்குப் பணம் தருவதில்லை என்பது 2009க்குப் பிறகு பல கம்பெனிகள் எழுதிக்கொண்ட விதி. அவளுடைய கம்பெனியின் விதிப்புத்தகத்திலும் இருக்கிறது. அதைத் திருத்தி எழுதியவர்களில் அவளும் ஒருத்தி. 2024 ஜூலையில் வழக்கறிஞர் சங்கத்தின் இன்னொரு கருத்துரை வந்தது. செயற்கை நுண்ணறிவுக் கருவிக்கு விவரம் கொடுக்கப் பதினைந்து நிமிடம் ஆனால் அந்தப் பதினைந்து நிமிடத்துக்கும், வந்ததைச் சரிபார்த்த நேரத்துக்கும்தான் பில். மிச்சமான நேரத்துக்கு இல்லை. அந்த ஆண்டு இறுதியிலிருந்து பில்களில் வரிகள் குறையும் என்று அவளுடைய மேலதிகாரி எதிர்பார்த்தார். இதுவரை அவள் கண்ணுக்குப் பெரிதாகக் குறைந்ததாகத் தெரியவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை வீட்டில் உட்கார்ந்து ஒரு பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது வரி: ‘கட்சிக்காரரின் மின்னஞ்சலைப் படித்தது, 0.1’. அது அவளே அனுப்பிய மின்னஞ்சல். தேடிப் பார்த்தாள், அதில் ‘சரி, நன்றி’ என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. வெட்டினாள்.

பதினான்காவது வரி ஒரு மூன்றாம் ஆண்டு அசோசியேட்டின் பெயரில் இருந்தது. இரண்டு மாநிலங்களின் சட்டத்தையும் ஒப்பிட்டு எழுதிய மெமோ, 3.5. அந்த மெமோவை அவள் முழுக்கப் படித்திருந்தாள். அடிக்குறிப்புகள் மட்டும் நாற்பதுக்கு மேல். மூன்றரை மணியில் அதை யாரும் எழுதியிருக்க முடியாது. கருவியை வைத்துச் செய்திருந்தால் அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி, தெரிவிக்கவில்லை. மெமோவில் இரண்டு இடத்தில் மனிதர்கள் மட்டுமே செய்கிற எழுத்துப் பிழையும் இருந்தது. வரிக்கு எதிரே மென்பொருள் மூன்று பொத்தான்கள் வைத்திருக்கிறது: ஏற்கப்பட்டது, குறைக்கவும், நிராகரிக்கவும். அந்த நிறுவனத்தின் பார்ட்னருக்குப் போன் செய்து, உங்கள் அசோசியேட் நேரத்தைக் குறைத்து எழுதுகிறார் என்று சொல்லலாமா என்று நினைத்தாள். சனிக்கிழமை. போன் செய்தால் அங்கே யாராவது அதையும் பாயிண்ட் டூ என்று எழுதுவார்கள். ‘ஏற்கப்பட்டது’ என்பதை அழுத்திவிட்டுப் பதினைந்தாவது வரிக்குப் போனாள்.